ஊமத்தைப் புகையிலிருந்து இன்ஹேலர் வரை: மூச்சுக்கருவி வரலாற்றில் விடுபட்ட ஒரு பாடம்

கோபர்கைரனேயில் நான் குடியிருக்கும் சந்தில் எழுபது வயதைக் கடந்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். திருநெல்வேலிச் சீமையிலிருந்து இளம் வயதில் தாராவிக்கு வந்தவர். பின்னர் தாணே–பேலாப்பூர் தொழிற்பேட்டையில் வேலை கிடைத்து, இங்கே ஒரு சிறு வரிசை வீட்டில் நிலைகொண்டவர். பீடியும் ஆலைப் புகையும் சேர்ந்து அவருடைய நுரையீரலைப் பழுதாக்கிவிட்டன. மருத்துவர்கள் அதற்கு இட்ட பெயர் சிஓபிடி, அதாவது நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். அவர் அதை 'இழுப்பு' என்பார். அண்டை வீட்டு மராட்டியர் 'தமா' என்பர்.

ஒரு மாலையில் வாசற்படியில் அமர்ந்திருந்தவர் என்னை அழைத்தார். "தம்பி, ரெண்டு மாசமா பம்பு அடிச்சிட்டுத்தான் இருக்கேன். ஒண்ணும் கேக்க மாட்டேங்கு" என்றார். "கொஞ்சம் அடிச்சுக் காட்டுங்க, அண்ணாச்சி" என்றேன். அவர் வாயைத் திறந்தார். இன்ஹேலரை உதட்டுக்கு நேரே பிடித்தார். மூச்சை அடக்கிக்கொண்டு இருமுறை அழுத்தினார். வெண்ணிறப் புகை ஒன்று அவர் முகத்தின் முன்னே எழுந்து கலைந்தது. இரண்டு மாதங்களாக அவர் விலைகொடுத்து வாங்கிய மருந்தின் பெரும்பகுதி கோபர்கைரனேயின் காற்றுக்குத்தான் போயிருக்கிறது.

என் துறை மருத்துவ வரலாறு, மருத்துவம் அன்று. ஆனாலும் அன்றிரவு எனக்கு எழுந்த வினா வரலாறு சார்ந்ததுதான். ஒரு மருந்தைக் கண்டுபிடிக்கவும், அதை ஒரு சிமிழில் அடைக்கவும், அச்சிமிழை ஒரு தொழிலாளியின் சட்டைப் பைவரை கொண்டு சேர்க்கவும் நம்மால் முடிந்திருக்கிறது. சட்டைப் பையிலிருந்து நுரையீரல்வரை உள்ள கடைசி ஒரு சாண் தூரத்தை ஏன் கடக்க முடியவில்லை? இக்கட்டுரை அந்த ஒரு சாணின் வரலாறு.

சென்னையிலிருந்து சென்ற புகை

மருந்தை மூச்சின் வழியே உட்செலுத்துவது மிகப் பழைய வழக்கம். கி.மு. 1550ஆம் ஆண்டளவில் எழுதப்பட்ட எகிப்தின் எபர்ஸ் பாப்பிரஸ் சுவடியில், மூலிகையைச் சுட்ட கல்லின்மேல் இட்டு எழும் ஆவியை உள்ளிழுக்கும் முறை காணப்படுகிறது. இந்திய மருத்துவ மரபுகளிலும் ஊமத்தைப் புகை ஈளைக்கு மருந்தாகப் பயன்பட்டு வந்தது.

இந்த ஊமத்தை ஐரோப்பிய மருத்துவத்துக்குள் நுழைந்த வழி நம் சென்னை வழி என்பது பலரும் அறியாத செய்தி. சென்னை மாகாணத்தின் தலைமை மருத்துவராக இருந்தவர் ஸ்காட்லாந்துக்காரரான ஜேம்ஸ் ஆண்டர்சன். சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டம் அமைத்து, அதில் சாயப்பூச்சி வளர்க்க முயன்ற தாவரவியலாளர் இவரே. அவருடைய சிலை இன்றும் சென்னைப் புனித ஜார்ஜ் தேவாலயத்தில் உள்ளது. இங்குள்ளோர் மூச்சிரைப்புக்கு ஊமத்தையை உலர்த்திப் புகைப்பதைக் கண்ட ஆண்டர்சன், அம்முறையை ஜெனரல் ஜென்ட் என்னும் படைத்தலைவருக்குப் பரிந்துரைத்தார். ஜென்ட் வழியாக 1802ஆம் ஆண்டில் அது பிரிட்டனின் மருத்துவர்களிடம் சென்று சேர்ந்தது. அடுத்த நூறாண்டுகளுக்கு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் 'ஆஸ்துமா சிகரெட்' என்ற பெயரில் ஊமத்தைச் சுருட்டுகள் மருந்துக்கடைகளில் விற்பனையாயின.

ஊமத்தை நஞ்சு, இன்று யாரும் அதைக் கையால் தொட்டு மருத்துவம் செய்து பார்க்க வேண்டியதில்லை. ஆனால் அதன் வேதியியல் வழித்தோன்றல்கள் இன்றும் நம்மிடையே உள்ளன. ஊமத்தைக் குடும்பச் செடிகளின் செயற்பொருளான அட்ரோபின் 1830களில் பிரித்தெடுக்கப்பட்டது. அதன் மூலக்கூறைத் திருத்தி 1970களில் இப்ராட்ரோபியமும், 2000களின் தொடக்கத்தில் டியோட்ரோபியமும் வந்தன. இன்று சிஓபிடி நோயாளிக்கு நாளுக்கு ஒருமுறை இழுக்கத் தரப்படும் மருந்துகளுள் டியோட்ரோபியம் முதன்மையான ஒன்று. சென்னையிலிருந்து புகையாகச் சென்றது, இருநூறாண்டுகள் கழித்துத் தூளாகத் திரும்பி வந்திருக்கிறது.

குவளையிலிருந்து குப்பி வரை

'இன்ஹேலர்' என்னும் சொல்லை வழக்கில் கொண்டுவந்தவர் இங்கிலாந்தின் பிளிமத் நகர மருத்துவர் ஜான் மட்ஜ். 1778இல் இருமலுக்கான சிகிச்சை பற்றி அவர் எழுதிய நூலில், மூடியிட்ட ஓர் ஈயக்கலப்புக் குவளையை விவரித்தார். குவளையினுள் வெந்நீரும் மருந்தும் இருக்கும். நோயாளி குழாயில் வாய்வைத்து மூச்சிழுத்தால் காற்று நீரின் ஊடாக வந்து ஆவியைச் சுமந்து உள்ளே செல்லும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பீங்கான் குவளைகள் வந்தன. 1858இல் பாரிஸில் சால்-ஜிரோன் என்பவர் நீர்மத்தைத் துகளாகச் சிதறடிக்கும் கைக்கருவியைச் செய்தார். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ரப்பர்ப் பந்தை அழுக்கி அட்ரினலினைத் தெளிக்கும் கண்ணாடிக் குமிழ்கள் புழங்கின.

இக்கருவிகள் அனைத்துக்கும் பொதுவான இயல்பு ஒன்றுண்டு. அவை நோயாளியின் மூச்சுக்காகக் காத்திருந்தன. ஆவி எழுந்துகொண்டே இருக்கும். சுருட்டு புகைந்துகொண்டே இருக்கும். நோயாளி தன் இயல்பில் பத்து முறை, இருபது முறை இழுத்தால் போதும். ஒரு மூச்சு தவறினால் அடுத்த மூச்சு இருந்தது. எனவே பெரிதாகக் கற்பிக்கவும் தேவை எழவில்லை.

1955இல் அமெரிக்காவின் ரைக்கர் மருந்து நிறுவனத் தலைவர் ஜார்ஜ் மேசனிடம், ஆஸ்துமாவால் வருந்திய அவருடைய 13 வயது மகள் ஒரு கேள்வி கேட்டாள்: தலைமுடிக்கு அடிக்கும் ஸ்பிரே போல இந்த மருந்தும் ஏன் ஒரு டப்பாவில் வரக்கூடாது? கண்ணாடிக் குமிழை அழுக்கி அழுக்கிக் களைத்த பிள்ளையின் கேள்வி அது. நறுமணத் திரவியக் குப்பிக்கென உருவாக்கப்பட்டிருந்த அளவு வால்வு ஒன்று அந்நிறுவனத்துக்குக் கைகொடுத்தது. 1956இல் 'மெடிஹேலர்' என்ற பெயரில் உலகின் முதல் அளவிட்ட மருந்துத் தெளிப்பான் சந்தைக்கு வந்தது. இன்று நாம் பம்பு என்று சொல்லும் கருவியின் மூலவடிவம் அதுவே.

இந்த இடத்தில்தான் வரலாறு திரும்புகிறது. ஒவ்வொரு அழுத்தத்துக்கும் ஒரே அளவு மருந்து என்பது பெரும் சாதனை. ஆனால் அம்மருந்து ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் பெருவேகத்துடன் வெளியேறிவிடுகிறது. இப்போது கருவி நோயாளிக்காகக் காத்திருப்பதில்லை. நோயாளிதான் கருவியின் கணத்துக்குத் தன் மூச்சைப் பொருத்த வேண்டும். அழுத்தும் விரலும் இழுக்கும் மார்பும் ஒரே கணத்தில் இணைய வேண்டும். கருவியிடமிருந்த வேலையில் ஒரு பங்கு, யாரும் அறிவிக்காமலே, நோயாளியின் கைக்கு மாற்றப்பட்டது. அவ்வேலையைக் கற்பிக்கும் பொறுப்பு யாருடையது என்பதை எவரும் எழுதி வைக்கவில்லை.

அச்சத்தின் மரபு

1960களில் இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் இளம் ஆஸ்துமா நோயாளிகளின் மரணம் திடுமென உயர்ந்தது. அதிக வீரியமுள்ள ஐசோபிரீனலின் தெளிப்பான்களை வரம்பின்றிப் பயன்படுத்தியதே காரணம் எனப் பலர் கருதினர். ஆய்வாளரிடையே அவ்விவாதம் நெடுங்காலம் நீடித்தது. 1969இல் இதயத்தை அத்துணைத் தாக்காத சால்புட்டமால் வந்தது. 1972இல் வீக்கத்தைத் தணிக்கும் பெக்லோமெத்தசோன் இன்ஹேலர் வந்தது. மருத்துவம் திருத்திக்கொண்டது, ஆயினும் மக்கள் மனத்தில் பம்பு என்றால் அச்சம் என்பது நின்றுவிட்டது. "பம்பு பழகிட்டா விட முடியாது", "கடைசிக் கட்டத்துக்குத்தான் பம்பு" என்னும் பேச்சுகளை மாட்டுங்காவிலும் கேட்கலாம், மதுரையிலும் கேட்கலாம். அவ்வச்சத்தால், தொடக்கத்திலேயே தர வேண்டிய கருவி காலம் தாழ்ந்து கைக்கு வருகிறது. வந்தபோது கற்கும் பொறுமையும் மூச்சும் குறைந்துபோயிருக்கின்றன.

தூளின் எதிர் இலக்கணம்

விரலும் மூச்சும் இணையாத சிக்கலுக்குத் தீர்வாக வந்தது தூள் இன்ஹேலர். ரோஜர் ஆல்ட்டூன்யன் என்னும் மருத்துவர் தாமே ஆஸ்துமா நோயாளி. சோதனைப் பொருள்களைத் தம் நுரையீரலிலேயே இழுத்துப் பார்த்து குரோமோகிளைகேட் மருந்தைக் கண்டறிந்த அவர், போர்க்காலத்தில் விமானியாக இருந்தவர். விமானச் சுழலியின் நினைவில் 'ஸ்பின்ஹேலர்' என்னும் தூள் கருவியை 1960களில் வடிவமைத்தார். அடுத்து 1970களில் ரோட்டாஹேலர் வந்தது. 1935இல் பம்பாயில் தொடங்கப்பட்ட சிப்ளா முதலிய நிறுவனங்களின் வழியே, மலிவான பம்புகளும் ரோட்டாஹேலரும் அதன் கேப்சூல்களும் இந்தியாவின் சிற்றூர் மருந்துக்கடைகள்வரை சென்றன.

ஆனால் ஒரு சிக்கலைத் தீர்த்த கருவி வேறொன்றைக் கொண்டுவந்தது. பம்பில் மெதுவாக, நீளமாக இழுக்க வேண்டும். வேகமாக இழுத்தால் மருந்து தொண்டையின் சுவரில் மோதிப் படிந்துவிடும். தூள் கருவியிலோ நோயாளியின் இழுப்புதான் தூளை உடைத்துப் பறக்கச் செய்கிறது. ஆகவே தொடக்கத்திலிருந்தே வேகமாக, ஆழமாக இழுக்க வேண்டும். இரண்டும் ஒரே நோயாளியின் கையில் ஒரே மருந்துச்சீட்டின் வழியே தரப்படும்போது, ஒன்றன் இலக்கணம் மற்றதற்குப் பிழையாகிறது. கேப்சூலைக் கருவியில் இடாமல் தண்ணீர் விட்டு விழுங்கியவர்கள் நம் ஊரில் மட்டும் இருப்பதாக எண்ண வேண்டாம். அப்படி விழுங்குவது குறித்து அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2008இல் பொது எச்சரிக்கையே வெளியிட வேண்டியதாயிற்று.

நாற்பதாண்டுகளின் கணக்கு

1975 முதல் 2014 வரை வெளியான 144 ஆய்வுக்கட்டுரைகளைத் தொகுத்து, ஸ்பெயின் நாட்டு மருத்துவர் சான்சிஸும் அவருடைய குழுவினரும் 2016இல் ஒரு கணக்கை வெளியிட்டனர். 54,000க்கும் மேற்பட்ட நோயாளிகளுள் கருவியைச் சரியாகக் கையாண்டோர் 31 விழுக்காடு மட்டுமே. விரலையும் மூச்சையும் இணைக்கத் தவறியோர் 45 விழுக்காடு. இழுத்தபின் மூச்சை நிறுத்தி வைக்காதோர் 46 விழுக்காடு. இவற்றைவிடக் கூர்மையான செய்தி, முதல் இருபதாண்டுகளுக்கும் அடுத்த இருபதாண்டுகளுக்கும் இடையே முன்னேற்றம் ஏதும் இல்லை என்பது. அந்த நாற்பதாண்டுகளில் கருவிகள் மாறின. ஓசோன் படலத்தைக் காக்க 1987இல் மான்ட்ரியல் உடன்படிக்கை ஏற்பட்டபின் உள்ளே இருக்கும் உந்துவாயுவும் மாறியது. நோயாளியின் கை மட்டும் மாறவில்லை.

கற்பிக்க வேண்டியவர்களின் நிலை என்ன? அதே ஆய்வுக்குழுவினர் 2018இல், மருத்துவர், செவிலியர் முதலிய 6,304 பேர் பற்றிய 55 ஆய்வுகளைத் தொகுத்தனர். கருவியைச் சரியாகக் கையாண்டோர் 15.5 விழுக்காடு. முற்காலத்தில் 20.5 ஆக இருந்தது, பிற்காலத்தில் 10.8 ஆகக் குறைந்திருந்தது. ஆகவே நோயாளியின் கவனக்குறைவு என்று இதனை ஒதுக்குவது வரலாற்றுக்கு முரணான கூற்று. ஆசிரியருக்கே பாடம் தெரியாத பள்ளியில் மாணவனைக் குறைசொல்ல இயலாது.

மும்பையின் மூச்சு

நம் நகரத்துக்கு வருவோம். 1950களில் டிராம்பேயில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் எழுந்தன. உர ஆலையும் அனல் மின்நிலையமும் அருகே அமைந்தன. செம்பூருக்கு 'கேஸ் சேம்பர்' என்னும் பட்டப்பெயர் வந்தது. 1970களின் பிற்பகுதியில் கே.இ.எம். மருத்துவமனையின் மருத்துவர் எஸ். ஆர். காமத்தும் அவருடைய குழுவினரும் லால்பாக், செம்பூர், கார் ஆகிய மூன்று பகுதிகளிலும் ஒரு கிராமப்புறத்திலும் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட மக்களைத் தொடர்ந்து ஆய்ந்தனர். மாசு மிகுந்த பகுதிகளில் இருமலும் மூச்சிரைப்பும் மிகுந்திருப்பதை அவர்கள் பதிவு செய்தனர். இந்திய நகரங்களின் காற்றையும் நோயையும் இணைத்துப் பேசிய முன்னோடி ஆய்வுகளுள் அது ஒன்று.

கோபர்கைரனேயின் கதையும் வேறன்று. தாணே சிற்றோடையின் கிழக்குக் கரையில் 1960களில் ரசாயனத் தொழிற்பேட்டை எழுந்தது. 1970இல் சிட்கோ நிறுவப்பட்டு நவி மும்பை உருவானது. தொழிலாளர்க்கும் மாத்தாடிச் சுமைதூக்குவோர்க்கும் இங்கே சிறு வீடுகள் அமைந்தன. 2004இல் தாணேயிலிருந்து டிரான்ஸ்ஹார்பர் ரயில் பாதையும் வந்தது. தாராவியின் நெரிசலிலிருந்து நல்ல காற்றைத் தேடி இக்கரைக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள், ஆலைகளின் நிழலில் வந்து தங்கின.

நாட்டளவில், சிஓபிடி நோயாளிகளின் எண்ணிக்கை 1990இல் 2 கோடியே 81 லட்சமாக இருந்தது. 2016இல் 5 கோடியே 53 லட்சமாயிற்று என 2018இல் லான்செட் இதழ்க் குழுமத்தில் வெளியான ஆய்வு மதிப்பிடுகிறது. நோய்ச்சுமையில் 53.7 விழுக்காட்டுக்குக் காற்று மாசும், 25.4 விழுக்காட்டுக்குப் புகையிலையும், 16.5 விழுக்காட்டுக்குத் தொழிலிடத் தீங்கும் காரணிகள். அண்ணாச்சியின் வாழ்வில் இம்மூன்றும் உண்டு. பீடி சுற்றும் மாவட்டத்தில் பிறந்து, ஆலையில் உழைத்து, ஆலையின் அருகிலேயே குடியிருந்தவர் அவர்.

சொல்லில் ஒளிந்த பிழை

அண்ணாச்சிக்கு யாரும் சொல்லித் தரவில்லையா என்று கேட்டேன். ஒருமுறை சொன்னார்களாம். நெரிசலான ஒரு வெளிநோயாளர் பிரிவில், இந்தியில், அரை நிமிடத்தில். "பம்ப் மாரோ, தோ பார், சுபஹ் ஷாம்." அவ்வளவே. அண்ணாச்சி அதைப் பிழையின்றிக் கடைப்பிடித்தார். காலை மாலை இருவேளையும் இரண்டிரண்டு முறை பம்பு அடித்தார். 'அடி' என்ற சொல்லில் அழுத்துவது இருக்கிறது, மூச்சு இல்லை.

நம் மொழியில் மற்றொரு கண்ணியும் உண்டு. பலர் இக்கருவியை 'ஊதுறது' என்கிறோம். ஊதுதல் என்றால் காற்றை வெளியே விடுதல். "இதை வாயில் வைத்து ஊதுங்கள்" என்று கேட்டவர் உள்ளபடியே அதனுள் ஊதுகிறார். தூள் கருவியில் அப்படி ஊதினால் மருந்து நனைந்து கட்டிதட்டிவிடும். வேண்டிய வினைச்சொல் 'இழு' என்பது. பீடி இழுத்தவருக்கு அச்சொல்லின் பொருளை விளக்க வேண்டியதில்லை என்பது ஒரு கசப்பான வசதி.

கற்பித்தலின் முறை

எது பயன்படுகிறது என்பது மருத்துவ உலகுக்குத் தெரியாததன்று. வாயால் சொல்வது போதாது. செய்து காட்ட வேண்டும். பின் நோயாளியைச் செய்யச் சொல்லிப் பார்க்க வேண்டும். பிழையைத் திருத்தி மறுபடியும் செய்யச் சொல்ல வேண்டும். அடுத்த முறை வரும்போது மீண்டும் பார்க்க வேண்டும். கற்ற முறை சில வாரங்களில் நழுவிவிடும் என்பதால் இந்த மீள்பார்வையே முதன்மையானது. தவில் கற்பவனுக்கும் தறி கற்பவனுக்கும் நாம் காலங்காலமாகச் செய்துவருவது இதுதான்.

பம்புக்கான முறை இது. மூடியைக் கழற்றி நன்கு குலுக்குக. மூச்சை முழுவதும் வெளியே விடுக. குழலை உதடுகளால் இறுகக் கவ்வுக. மெதுவாக இழுக்கத் தொடங்கும் அந்நொடியில் ஒருமுறை அழுத்துக. நான்கைந்து நொடிகள் இழுத்துக்கொண்டே இருக்க. பின் பத்து நொடி மூச்சை நிறுத்தி மெல்ல விடுக. அடுத்த அழுத்தத்துக்கு அரை நிமிடமேனும் இடைவெளி வேண்டும். ஸ்டீராய்டு மருந்தாயின் பின்னர் வாய் கொப்பளித்துத் துப்புக. வாயிலிருந்து வெண்புகை வெளியேறினால், மருந்து உள்ளே போகவில்லை என்பது பொருள்.

விரலும் மூச்சும் இணையாத முதியோருக்கும் குழந்தைகளுக்கும் ஸ்பேசர் என்னும் இடைக்கலம் உதவும். மருந்து அதனுள் சற்று நேரம் தங்கி நிற்கும்; நோயாளி தன் இயல்பில் இழுக்கலாம். 1956க்கு முன்பிருந்த 'காத்திருக்கும் கருவி'யை அது மீட்டுத் தருகிறது என்று வரலாற்று மாணவனாக நான் அதைப் பார்க்கிறேன். விலையும் ஒரு பெருந்தடையன்று. 1999இல் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரில் ஹெதர் ஜார் என்னும் குழந்தை மருத்துவரின் குழு, அரை லிட்டர்க் குளிர்பானப் பிளாஸ்டிக் பாட்டிலில் செய்த ஸ்பேசர், கடையில் விற்கும் ஸ்பேசருக்கு இணையாகப் பயன்தருவதை முறையான சோதனையால் நிறுவியது. எனினும் ஸ்பேசர் பம்புக்கு மட்டுமே உரியது. தூள் கருவிக்கு ஆகாது.

மீண்டும் வாசற்படியில்

மறுநாள் அண்ணாச்சியை அழைத்துக்கொண்டு அவருடைய மருத்துவரிடம் சென்றேன். ஸ்பேசர் வேண்டும் என்று கேட்டதும் அவர் தடையின்றி எழுதித் தந்தார். கேட்காமல் ஏன் தரவில்லை என்று நான் கேட்கவில்லை; வெளியே காத்திருந்த வரிசை விடை சொன்னது.

வாசற்படியில் அமர்ந்து பழகினோம். முதல் முறை மறுபடியும் மூச்சை அடக்கிக்கொண்டு அழுத்தினார். இரண்டாம் முறை பாதியில் விட்டுவிட்டார். அவருடைய மனைவியார் உள்ளிருந்தபடி பத்துவரை எண்ணத் தொடங்கினார். மூன்றாம் முறை வெண்புகை வெளியே வரவில்லை. "இம்புட்டுத்தானா தம்பி?" என்றார். ஆமாம், இவ்வளவுதான், ஆனால் இதற்கு இரண்டு மாதங்களும், வீணாய்ப்போன ஒரு பம்பும், உறக்கமற்ற பல இரவுகளும் ஆகியிருந்தன. பழுதான நுரையீரல் பழையபடி ஆகாது; அதை அவரும் அறிவார். எனினும் இப்போது நடு இரவில் எழுந்து உட்காருவது குறைந்திருக்கிறது என்கிறார். வாரம் ஒருமுறை நான் "அண்ணாச்சி, காட்டுங்க" என்கிறேன். அவரும் சலிக்காமல் காட்டுகிறார்.

நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலோ அண்டையிலோ இன்ஹேலர் பயன்படுத்தும் முதியவர் ஒருவர் இருக்கக்கூடும். "மருந்து எடுத்துக்கிறீங்களா?" என்று கேட்காதீர்கள், "எடுத்துக்காட்டுங்க" என்று கேளுங்கள். பிழை தென்பட்டால் அவரோடு மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ சென்று, செய்து காட்டச் சொல்லுங்கள். ஸ்பேசர் பொருந்துமா என்று கேளுங்கள். நீங்கள் கண்டதைக் கருத்துப்பகுதியில் எழுதினால் என் ஆய்வுக்கும் உதவும். நோயாளியின் பெயர் மட்டும் வேண்டாம்.